எஞ்சின் டெலிகிராப் பொருத்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கொழும்பு மட்டக்குளியில், களனி கங்கைக் கரையில் கட்டியிருந்த ஒரு சிறிய நீராவி லோஞ்சுக்குள் இரண்டு பொடியன்கள் பழைய டெலிகிராப் ஒன்றை, அதாவது சுக்கான்காரரின் கட்டளையை முள்ளாலும் மணியாலும் கீழே எஞ்சின்காரருக்குத் தெரிவிக்கும் கருவியை, பொருத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மேலே சுக்கான் அருகில் கைப்பிடியைப் பிடித்திருந்தான். மற்றவன் கீழே எஞ்சின் பக்கத்தில் குனிந்து, ஒரே ஒரு டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள திருகு) மட்டும் திருகித் திருகி முள்ளை 'ஸ்டொப்' எழுத்துக்கு நேரே கொண்டுவந்தான். கொதிகலனில் நெருப்பு இல்லை. காலை எட்டு மணி.

"அண்ணை, இப்ப முள் சரியா நிக்குது, பாருங்கோ!"

நின்றது உண்மைதான். எனக்கு நெஞ்சு பதறியது. அவனுடைய வயதில், அதே மாதிரிக் காலை நேரத்தில், ஒற்றை டர்ன்பக்கிளை நானும் அப்படித்தான் திருகினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மணியை மாட்ட மறப்பது, செயினைத் தலைகீழாகப் போட்டு முன்னோக்கு என்றால் கீழே பின்னோக்கு என்று காட்ட வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். முதல் சோதனையிலேயே தெரிந்துவிடும் பிழைகள் அவை. படகு ஓடத் தொடங்கி மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டும் பிழைகளைத்தான் சொல்லப் போகிறேன்.

அலங்காரத் தலையை வேலைக்குப் போடுவது

இன்று கைக்குக் கிடைக்கும் பழைய டெலிகிராப்களில் பல, குஜராத்தின் அலாங் கரையில் உடைத்த கப்பல்களிலிருந்து கழற்றியவை. அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் ஹோட்டல் வரவேற்பறைக்கென்றே வார்த்த புதிய பித்தளைப் பிரதிகளும் அதே பளபளப்போடு, அதே லிவர்பூல் நிறுவனப் பெயரைத் தாங்கி விற்பனைக்கு வருகின்றன. வாங்கும்முன் தலையின், அதாவது கைப்பிடியும் எழுத்துத் தட்டும் உள்ள மேல்பாகத்தின், பக்க மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே பல்சக்கரம், அதன் அச்சுக்கு வெண்கல புஷ் (அச்சு சுழலும் குழாய்), செயினின் தேய்மானத் தடம், கைப்பிடி ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று விழும் பள்ளம், இவை நாலும் இருக்க வேண்டும். மூடியைக் கழற்ற விற்பவர் மறுத்தால் வந்த வழியே திரும்பி வந்துவிடுங்கள்.

ஒரு பக்க டர்ன்பக்கிளைத் திருகி முள்ளை நேராக்குவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சாட்பர்ன் போன்ற லிவர்பூல் நிறுவனங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகமெங்கும் அனுப்பிய இயந்திர டெலிகிராப்பின் உள்ளமைப்பு எளிமையானது. கைப்பிடியின் அச்சில் ஒரு பல்சக்கரம். அதன்மேல் ஒரு துண்டுச் செயின். செயினின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு பித்தளை அல்லது வெண்கலக் கம்பிகள் கப்பிகளில் திரும்பித் திரும்பிக் கீழே இறங்கும். எஞ்சின் பக்கத்தில் இன்னொரு செயின், இன்னொரு பல்சக்கரம், அதில் முள். மேலே கைப்பிடியை நகர்த்தினால் ஒரு கம்பி இழுக்கும், மற்றது விட்டுக்கொடுக்கும், கீழே முள் நகரும், மணி அடிக்கும். இரண்டு கம்பியிலும் ஒவ்வொரு டர்ன்பக்கிள் உண்டு.

அந்த இரண்டு டர்ன்பக்கிள்களுக்கும் இரண்டு தனித்தனி வேலை. இரண்டையும் ஒரே அளவு இறுக்கினால் கம்பியின் இழுவை கூடும், முள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒன்றை இறுக்கி, மற்றதை அதே அளவு தளர்த்தினால் முள் நகரும், இழுவை மாறாது. ஒன்றை மட்டும் தொட்டால் இரண்டும் சேர்ந்து மாறும். முள் நேராகிவிட்டதே என்ற சந்தோஷத்தில், இழுவை கெட்டுப்போனது கண்ணில் படாது.

1998இல் நான் செய்தது இதைத்தான். மரத்தால் கட்டிய லோஞ்ச். சுக்கானிலிருந்து எஞ்சின் வரை கம்பியின் ஓட்டம் சுமார் 9 மீற்றர், அதில் 3 மீற்றர் கொதிகலன் உறையை ஒட்டிப் போனது. காலையில், எல்லாம் குளிர்ந்திருந்தபோது, முள் 'ஸ்டொப்' எழுத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. ஒரு பக்கத்து டர்ன்பக்கிளைத் தளர்த்தினேன். முள் நேரே வந்தது. கைப்பிடியும் முன்பைவிட இலகுவாகச் சுழன்றது. அதை நல்ல வேலைக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் கம்பியின் இழுவை முழுக்கப் போயிருந்தது.

கொதிகலன் சூடேறியதும் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பித்தளை ஒரு பாகை சூட்டுக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.019 மில்லிமீற்றர் நீளும். உறையை ஒட்டிய 3 மீற்றர் கம்பி 30 பாகையிலிருந்து 70 பாகைக்குப் போனால் கிட்டத்தட்ட 2.3 மில்லிமீற்றர் நீளம் கூடும். இரண்டு கம்பிக்கும் சேர்த்து 4.6 மில்லிமீற்றர். மர உடலோ அந்தச் சூட்டுக்கு நீளவாட்டில் அசையவே அசையாது. அதோடு, புதுக் கம்பி முதல் சில வாரங்களுக்குத் தானாகவே கொஞ்சம் இழுபட்டுப் படியும். ஏற்கெனவே தொய்ந்திருந்த கம்பிக்கு இத்தனையும் சேர்ந்தால் செயின் பல்லைவிட்டு எழும்பும்.

எழும்பியது. மூன்றாவது வாரம், பொழுதுபடுகிற நேரம், இறங்குதுறையை நெருங்கிக்கொண்டிருந்தோம். சுக்கான் பிடித்திருந்தவர் 'ஹாப் அஹெட்'டிலிருந்து (அரை வேகம் முன்னோக்கு) 'ஸ்டொப்'புக்குக் கைப்பிடியை வெட்டி இழுத்தார். கீழே செயின் ஒரு பல் தாண்டிவிட்டது. எங்களுடையது 18 பல் சக்கரம். ஒரு பல் என்றால் 20 பாகை. முள் 'ஸ்டொப்'புக்கு வராமல் 'ஸ்லோ அஹெட்' (மெதுவாக முன்னோக்கு) பக்கத்தில் போய் நின்றது. எஞ்சின்காரர் கண்டதைச் செய்தார், வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. மேலே இருந்தவர் மணிச்சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று கயிற்றுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். முன்மூக்கு இறங்குதுறைக் கல்லில் மோதி, மூக்குக் கட்டை மேலிருந்து நீர்மட்டம் வரை பிளந்தது. கயிறு பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்த பையன் ஒரு விநாடி முன்புதான் கையை எடுத்திருந்தான். அந்த விநாடியை நினைத்தால் இப்போதும் எனக்கு நித்திரை வராது. படகு கரையேறி நாலு மாதம் கிடந்தது. புதுக் கட்டைக்கு ஏற்ற வளைவுள்ள மரம் தேடவே ஒரு மாதம் போனது.

ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. கம்பி பழசு என்றார்கள். கம்பி புதுசு என்பது எனக்குத் தெரியும்.

மட்டக்குளிப் பொடியன் செய்தது இதன் மறுபக்கம். அவன் ஒரு பக்கத்தை இறுக்கி முள்ளைக் கொண்டுவந்தான். அப்படிச் செய்தால் கம்பி வீணைத் தந்திபோல விறைக்கும், கைப்பிடி கனக்கும், கப்பியின் அச்சு ஒருபக்கமாகத் தேயும், மென்மையான கம்பி நிரந்தரமாக நீண்டுவிடும். ஒரு மாதத்தில் அதுவும் தொய்வில் வந்துதான் முடியும்.

சரியான முறை இது. முதலில் கொதிகலனை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிறகு கைப்பிடியை முன்னோக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக 'ஸ்டொப்'புக்குக் கொண்டுவந்து, கீழே முள் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்து பின்னோக்குப் பக்கத்திலிருந்து அதே 'ஸ்டொப்'புக்கு வந்து இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் இடையில் இடைவெளி இருந்தால் அது தொய்வு. இரண்டு டர்ன்பக்கிளையும் சமமாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். இரண்டு புள்ளியும் ஒன்றாகி, ஆனால் எழுத்துக்கு நேரே இல்லாமல் விலகி நின்றால் அது நேர்ப்பிழை. அப்போது ஒன்றை இறுக்கி, மற்றதை அதே அளவு விடுங்கள். முதலில் தொய்வு, பிறகு நேர். மாற்றிச் செய்யாதீர்கள். எத்தனை அரைச் சுற்று என்பதைச் சோக்கட்டியால் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். முடிந்ததும் டர்ன்பக்கிள் தானாகச் சுழலாதபடி செம்புக் கம்பியால் கட்டுங்கள். 'ஸ்டொப்' மட்டும் சரி என்று விடாமல் 'புல் அஹெட்'டிலிருந்து (முழு வேகம் முன்னோக்கு) 'புல் ஆஸ்டேர்ன்' (முழு வேகம் பின்னோக்கு) வரை ஒவ்வொரு நிலையையும் இப்படிப் பாருங்கள். புதுக் கம்பி என்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும்.

அந்தப் பொடியனிடம் நான் சொன்னது ஒரு வரிதான்: "தம்பி, நெருப்பை மூட்டு, பிறகு கைப்பிடியைப் பின்னாலயிருந்து கொண்டு வந்து பார்." பத்தரை மணிக்குப் பார்த்தான். முள் எழுத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

பதில் முள்ளை விட்டுவிடுவது

டெலிகிராப்பில் கட்டளைக்கு ஒரு கம்பிச் சுற்று, பதிலுக்கு வேறொரு கம்பிச் சுற்று. கீழே எஞ்சின்காரர் தன் கைப்பிடியைக் கட்டளைக்கு நேரே வைத்ததும் மேலே இரண்டாவது முள் வந்து பொருந்த வேண்டும். சின்னப் படகுதானே என்று பதில் கம்பியைப் போடாமல் விடுகிறார்கள். இன்னும் சிலர் செலவை மிச்சப்படுத்தி, பதில் முள்ளைக் கட்டளை அச்சோடேயே இணைத்துவிடுகிறார்கள். அப்படியானால் கீழே ஆளே இல்லாவிட்டாலும் மேலே 'ஆகட்டும்' என்று முள் காட்டும். இதைவிட ஆபத்தான வேலை இல்லை.

என் பெரியப்பா தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடிய கோஷன் கப்பலில் எஞ்சினுக்கு ஒயில் விடும் ஒயில்மேனாக இருந்தவர். பதில் கைப்பிடியை வைத்த பிறகுதான் எஞ்சினியரின் கை நீராவி வால்வுக்குப் போகும் என்று சொல்லுவார். நியூசிலாந்தின் வாகாடிப்பு ஏரியில் 1912ஆம் ஆண்டின் ஏர்ன்ஸ்லோ கப்பல் இன்றும் நிலக்கரியில் ஓடுகிறது. அதன் எஞ்சின் அறையைப் பயணிகள் மேலே நின்று பார்க்கலாம். அங்கேயும் கட்டளைக்குப் பதில் இப்படித்தான் போகிறது.

1998இல் எங்கள் படகில் பதில் முள் இருந்தது. சரியாகவும் காட்டியது. யாரும் பார்க்கவில்லை. ஆகவே சுக்கான்காரருக்குப் பழக்குங்கள்: மணி கேட்டால் போதாது, முள் பொருந்தியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் தலையைத் திருப்ப வேண்டும்.

திசைகாட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவது

தலை பித்தளை, காந்தத்துக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். உள்ளேயிருக்கும் செயின் உருக்காக இருக்கலாம். கைப்பிடியை முன்னும் பின்னும் ஓட்டும்போது திசைகாட்டியின் தட்டு அசைகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டெலிகிராப்பின் எழுத்துத் தட்டுக்குப் பின்னால் பல்பு போடுகிறவர்கள் பற்றரி வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோங்கள். தனித்தனியாகப் போனால் விளக்கைப் போடும்போதெல்லாம் திசை மாறும்.

இரும்பு ஸ்க்ரூ

பழைய சோனகத் தெருவில் கிடைக்கிறது என்று நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு ஸ்க்ரூவை வெண்கல அடித்தட்டில் போடாதீர்கள். உப்புக் காற்றில் ஒரு தென்மேற்குப் பருவம் போதும், தலை கழன்று கையோடு வரும். வெண்கல ஸ்க்ரூ விலை அதிகம்தான், வாங்குங்கள். பழைய பித்தளைப் பாகம் எங்காவது இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலிருந்து நாகம் கரைந்து போய்விட்டது, உள்ளே பஞ்சுதான் மிச்சம். அதைத் துலக்கிப் பயனில்லை, மாற்றுங்கள்.

பிராசோ

இந்தப் பித்தளை துலக்கும் திரவம் உடலுக்கு மட்டும். எழுத்துள்ள தட்டில் படவே கூடாது.

செயினுக்குக் கிரீஸ்

வேண்டாம். மெல்லிய ஒயில் போதும்.

கம்பியை மரப்பலகையால் மூடிவிடுவது

படகு அழகாக இருக்க வேண்டும் என்று தச்சர் கம்பி போகும் வழி முழுவதையும் தேக்குப் பலகையால் அடைத்துவிடுவார். முதல் வருடம் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கப்பியில் ஒயில் வற்றி, கம்பி அதில் சுழலாமல் உராயத் தொடங்கும். மேலே கைப்பிடி கொஞ்சம் கனக்கிறது என்பார்கள், மழைக்கால ஈரம் என்பார்கள். பலகையை உடைத்துத் திறந்தபோது கப்பிப் பள்ளத்தில் கம்பி பாதியாகத் தேய்ந்திருந்ததை நான் இரண்டு படகில் கண்டிருக்கிறேன். தச்சர் வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு கப்பிக்கும் டர்ன்பக்கிளுக்கும் நேரே சோக்கட்டியால் அடையாளம் வைத்து, அந்த இடங்களில் ஸ்க்ரூவால் கழற்றிப் பூட்டக்கூடிய சின்ன மூடிகள் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு கையும் ஒரு ஸ்பானரும் சேர்ந்து போகிற அளவு அகலம் வேண்டும்.