‘ஊ’வில் தொடங்குங்கள்: ஃப்ரீக்வென்சியைக் காதால் பிடிப்பது எப்படி

‘ஊ’ என்று இழுத்துச் சொல்லுங்கள். அப்புறம் ஓ, ஆ, ஏ, ஈ. பிங்க் நாய்ஸை (எல்லா ஃப்ரீக்வென்சியும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு ஈக்யூவில் (ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிப் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) 250 ஹெர்ட்ஸை 12 டெசிபல் தூக்கினால் இரைச்சலுக்குள் ஒரு ‘ஊ’ சாயல் கேட்கும். 500இல் ‘ஓ’, 1000இல் ‘ஆ’, 2000இல் ‘ஏ’, 4000 பக்கம் ‘ஈ’, 8000க்குப் போனால் ‘ஸ்’. அச்சு அசலாக இருக்காதுதான், ஆனால் கச்சேரி நடுவில் மைக் கூவ ஆரம்பித்ததும் எந்த ஃப்ரீக்வென்சி கூவுகிறது என்று யோசிக்க நேரம் இருக்காது, அந்த நொடியில் எண்ணைவிட எழுத்துதான் முதலில் நினைவுக்கு வரும்.

செலவு கிடையாது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளிலேயே பிங்க் நாய்ஸ் உருவாக்கலாம். 63, 125, 250 என்று இரட்டித்துக்கொண்டே 16,000 வரை ஒன்பது இடங்கள்தான். முதல் வாரம் இவற்றை மட்டும் ஏற்றி, அணைத்து, மறுபடி ஏற்றிக் கேளுங்கள். பிறகு நண்பர் ஒருவரை ஈக்யூவைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் திரையைப் பார்க்காமல் உட்காருங்கள், விடையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஊகத்தைத் தாளில் எழுதிவிடுங்கள், எழுதாவிட்டால் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று மனசு ஏமாற்றும். பழகியதும் 6 டெசிபல், அப்புறம் 3. குறைப்பதைக் கண்டுபிடிப்பது ஏற்றுவதைவிடக் கடினம், அதைக் கடைசிக்கு வையுங்கள்.

ஒரு பேண்டை (ஃப்ரீக்வென்சிப் பகுதியை) ஏற்றினால் மொத்த சத்தமும் கூடும், சத்தமாக இருப்பதைக் காது ‘நல்லா இருக்கு’ என்று எடுத்துக்கொள்ளும். அதனால் அவுட்புட்டைக் குறைத்துச் சமன் செய்துவிட்டே ஒப்பிடுங்கள். தினமும் ஒரே வால்யூமில் கேளுங்கள். சத்தம் குறையக் குறைய பேஸ் (தாழ்ந்த ஒலி) காதுக்கு எட்டாமல் போகும், 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிய விஷயம் இது. பதினைந்து நிமிடம் போதும். மொபைல் ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் 63 வரவே வராது.

வெளியிலும் பழகலாம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ், நம் கரண்ட் 50 என்பதால் அதன் இரட்டிப்பு. ஒரு கட்டை சுருதியில் மத்திய ஸ்தாயி சட்ஜம் ஏறக்குறைய 262, அதாவது நம்ம ‘ஊ’வுக்குப் பக்கத்து வீடு.

சரி, எப்போது மேடைக்குப் போகலாம்? 31 பேண்ட் கிராஃபிக் ஈக்யூவில் 2500க்குப் பதில் 3150ஐப் பிடித்தால் பரவாயில்லை, பக்கத்து ஃபேடர்தான் (மேலும் கீழும் தள்ளும் பொத்தான்). 2000க்குப் பதில் 4000 என்றால் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு இரட்டிப்பு தவறு, எல்லாருக்கும் வருவது, மறுபடி ‘ஏ’வையும் ‘ஈ’யையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.