பழைய ராணுவ இழுவை வண்டிகள்: சீரமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், மரம் வெட்டும் காட்டுப் பகுதிகளான கூப்புகளிலிருந்து மரத்தடி இறக்குவதற்கு, ராணுவம் கழித்துவிட்ட கனரக வண்டிகள் நெடுங்காலம் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்யப்பட்ட ஃபோர்டு, செவர்லே வண்டிகளும், பின்னாளில் ஜெர்மனியின் மேன் நிறுவனத்தின் உரிமத்தில் ஜபல்பூரில் உருவான சக்திமான் லாரியும் அவற்றில் அடங்கும். அத்தகைய வண்டி ஒன்றை வாங்கி மீண்டும் ஓட வைக்க விரும்புவோர் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கங்களில் இருந்தால், அவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: காரில் வரும் தவறு பெரும்பாலும் பணத்தோடு போய்விடும், ஏழு டன் எடையுள்ள இழுவை வண்டியில் அதே தவறு ஆளைக் கொல்லும்.

அந்த ஆபத்து எஞ்சினில் இருப்பதைவிடச் சக்கரத்தில்தான் அதிகம். போர்க்கால வண்டிகள் பலவற்றின் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு, சுற்றிலும் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைப் பார்த்தால் இரண்டு வளையங்களாக நட்டுகள் தெரியும்: உள்வளையத்து நட்டுகள் சக்கரத்தை ஆக்ஸில் முனையிலுள்ள ஹப்போடு பிடிப்பவை, வெளிவளையத்து நட்டுகள் ரிம்மின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளிவளையத்து நட்டுகளைத் தொடக்கூடாது என்பதற்காகவே அவற்றுக்குச் சிவப்பு வண்ணம் பூசும் வழக்கம் இருந்தது. எழுபது, எண்பது ஆண்டுகளில் அந்தச் சிவப்பு மறைந்து, எல்லா நட்டும் ஒரே துருநிறத்தில் இருக்கும். சக்கரத்தைக் கழற்ற வந்தவர் கைக்கு எட்டிய நட்டைத் திருகத் தொடங்குவார். கடைசிச் சில போல்ட்டுகள் தாங்காமல் அறுந்தால் ரிம்மின் பாதி குண்டுபோல் பாயும். ஆகவே எந்த நட்டையும் தொடுவதற்கு முன் வால்வின் உள் ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் இறங்கிவிட்டதை உறுதி செய்ய வேண்டும். டயரைத் தனியொரு பூட்டு வளையம் பிடித்திருக்கும் ரிம்களுக்கும் இதுவே விதி. அவற்றுக்குக் காற்று நிரப்பும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாயின் மறுமுனையில் நின்று நிரப்ப வேண்டும். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் பிடித்துக்கொண்ட நட்டைக் கேஸ் தீ காட்டித் தளர்த்துவது பட்டறைகளில் எளிதாகச் செய்துவிடும் காரியம். அந்தச் சூட்டில் உள்ளே ரப்பர் ஆவியாகி டயரே வெடித்துவிடும். டயரைக் கழற்றாமல் அந்தப் பக்கம் தீயைக் கொண்டுபோகக் கூடாது.

இரும்பு வடத்தைச் சுற்றித் தடியை இழுக்கும் வின்ச்சில் நடக்கும் தவறு நல்லெண்ணத்தில் நடப்பது. பல வின்ச்சுகளில் ஓட்டும் தண்டுக்கும் வின்ச்சுக்கும் இடையே, சுமை எல்லை மீறினால் தானே அறுந்துபோகும்படி மென்மையான இரும்பில் செய்த ஊசி ஒன்று இருக்கும். இதுதான் ஷியர் பின். தடி பாறையில் சிக்கிக்கொண்டால் அந்த ஊசி அறுந்து வடத்தையும் கியரையும் ஆளையும் காப்பாற்றும். அது அடிக்கடி அறுகிறது என்று சலித்து, அந்த இடத்தில் உயர் வலுவுள்ள போல்ட்டைப் போட்டுவிட்டால், அடுத்து அறுவது இரும்பு வடமாக இருக்கும். விறைப்பில் அறுந்த வடம் வீசி அடிக்கும் தூரத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. ஊசி திரும்பத் திரும்ப அறுந்தால் இழுக்கும் முறையில் பிழை என்று பொருள். கப்பி போட்டுச் சுமையைப் பகிர வேண்டும்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் விரிசல் கண்டவுடன் வெல்டிங் வைப்பதும் இதே வகைத் தவறுதான். இந்த வண்டிகளின் சேஸிஸ் பெரும்பாலும் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டது, பாரத்தில் சற்று முறுக்கிக்கொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டது. மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ குறுக்காக வெல்டிங் ஓட்டினால் சூடு பட்ட இடத்தின் ஓரத்தில் புதிய விரிசல் தொடங்கும். ரிவெட்டையோ, துளைக்குச் சரியாகப் பொருந்தும் போல்ட்டையோ பயன்படுத்தி இணைப்புத் தகடு வைப்பதே முறை. குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் நின்ற வண்டியானால் இரு தகடுகளுக்கு இடையே உப்புத் துரு பெருத்து ரிவெட்டையே நெம்பியிருக்கும். மேலே வண்ணம் பூசிவிட்டால் அது கண்ணில் படாது.

பல ஆண்டு நின்ற எஞ்சினை இன்னொரு வண்டியால் இழுத்து ஓட வைப்பது வேண்டாம். பிஸ்டனோ வால்வோ பிடித்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றிச் சேற்றை வாரி, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி வந்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். டீசல் எஞ்சின் கட்டுமீறி ஓடத் தொடங்கினால் காற்று வழியை அடைப்பதற்கு ஒரு தட்டைப் பலகை கையருகில் இருக்கட்டும்.

எஞ்சினையே மாற்றிவிடலாம் என்ற யோசனை நம் பட்டறைகளில் உடனே வரும். நான் அதை ஆதரிக்கவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் பீரங்கி இழுவை வண்டியான ஏ.ஈ.சி. மேட்டடாரின் 7.58 லிட்டர் டீசல் எஞ்சின் 95 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 1,800 சுற்றில் தருவது. அதன் கியரும் ஆக்ஸிலும் அந்த மெதுவான வேகத்துக்கே கணக்கிடப்பட்டவை. வேகமாகச் சுற்றும் லாரி எஞ்சினை அதில் பொருத்தினால், வண்டி ஓடும், ஆனால் பிரேக் தாங்காத வேகத்தில் ஓடும்.

போல்ட், நட்டின் திருகுப் புரியான மரையில் நடக்கும் தவறு சிறியதாகத் தெரிந்தாலும் சரிசெய்யக் கடினமானது. பிரிட்டிஷ் விட்வொர்த் வகையில் அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 மரை, 55 பாகைக் கோணம். அதே அளவு அமெரிக்க முரட்டு மரைக்கு 13 மரை, 60 பாகை. ஒன்றின் நட்டு மற்றதன் போல்ட்டில் முதல் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். நீள ஸ்பேனர் போட்டு முடுக்கினால் வார்ப்பிரும்பின் மரை அழிந்துவிடும். எந்த நாட்டு வண்டி என்று தெரிந்து, மரை அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகே லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

எண்ணெய்களிலும் கவனம் தேவை. புதியது, விலை கூடியது என்று ஜி.எல்-5 என்ற தரக் கியர் ஆயிலை ஊற்றினால், அதன் கூட்டுப்பொருள்கள் வின்ச்சின் வெண்கலப் பற்சக்கரத்தை மெல்ல அரிக்கக்கூடும். பிரேக்கில் சாதாரண எண்ணெய் ஒரு சொட்டு கலந்தாலும் இயற்கை ரப்பர் வாஷர்கள் உப்பிப்போகும். ரப்பர் விளையும் இந்த மண்ணில் அதை விளக்கத் தேவையில்லை. பெட்ரோல் வண்டியாக இருந்தால், இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய குழாய்களும் பம்பு டயாபிரமும் தாங்கா. அவற்றை முதலிலேயே மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டரில் உப்புச்சுவையுள்ள கிணற்று நீர் கூடவே கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. அந்தத் தூசியைக் காற்றால் ஊதாமல் நனைத்துத் துடைக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாடியோடு இணைவது பாசிட்டிவ் முனை என்பதால், பேட்டரி வைக்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காகிதங்களைக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவோர் நிறைய. அம்புக்குறியோடு தொடங்கும் ராணுவ எண்ணைத் தனியார் வண்டியில் வைத்துச் சாலைக்கு வரக்கூடாது. 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு புதிதாகப் பதிவுபெற 20,000 ரூபாய் கட்டணம்; அப்படிப் பதிவான வண்டியை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஆறு சக்கர இழுவை வண்டி வாங்குபவர் இதைத் தம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ராணுவ ஏலத்தின் விற்பனை ஆவணம் கைக்கு வந்து, அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப்போகும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.