ஆபிரிக்கச் சஃபாரியும் சன்சிபார் கடலும்: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

யானை பார்க்கவா ஆபிரிக்கா, நெடுங்கேணிப் பக்கம் வேலியை முறித்துக்கொண்டு வருகுதே என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார். கேட்கட்டும். அங்கே பெண் யானைக்கும் தந்தம் இருக்கும், நம்முடைய காட்டில் ஆணுக்கே அது அரிது.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், விமானச்சீட்டு பிறகு. தன்சானியாவின் செரெங்கெட்டிப் பூங்காவும் கென்யாவின் மசாய் மாரா சரணாலயமும் எல்லைக்கோட்டால் மட்டும் பிரிந்த ஒரே புல்வெளி, அதில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற மான்கள் மந்தை மந்தையாக மழையைத் துரத்தி ஆண்டு முழுக்கச் சுற்றுகின்றன. ஜூலை முதல் ஒக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும், ஜனவரி கடைசியிலும் பெப்ரவரியிலும் தெற்கே இண்டூட்டு பக்கம் கன்று போடும். ஏப்ரல், மே மலிவுதான், ஆனால் பெருமழை, பாதையெல்லாம் சேறு, கடற்கரையிலும் அதே மழை. கனடாவில் இருக்கும் அண்ணா குடும்பமும் வந்து சேருவதென்றால் பிள்ளைகளின் விடுமுறை ஜூலை, ஓகஸ்டில்தான் வரும். கூட்டமும் விலையும் அப்போது உச்சம், அதனால் மிக முன்னதாகப் பதிய வேண்டும்.

ஐந்து பூங்காவை ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். சஃபாரிகள் புறப்படும் தன்சானிய நகரமான அருஷாவிலிருந்து செரெங்கெட்டிக்குத் தரைவழியே போனால் அநேகமாக ஒரு பகல் முழுக்கப் போய்விடும், ஆகவே அங்கே மூன்று இரவு, வழியில் விலங்குகள் நிறைந்த இங்கொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்துக்கு ஒரு நாள், போதும். நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள்: வாகனம் நமக்கு மட்டுமா, பூங்காக் கட்டணம் விலைக்குள் அடக்கமா, கூரை திறக்குமா? மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

சஃபாரிதான் முதலில், கடல் பிறகு. விடிய முன் எழும்பி நாள் முழுக்கப் புழுதியும் குலுக்கலும் என்பதால் ஓய்வு கடைசியில் தேவைப்படும். செரெங்கெட்டியிலிருந்தே சிறிய விமானத்தில் தன்சானியாவின் தீவான சன்சிபார் போகலாம். ஆனால் பொதி வழமையாக 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பை. பெரிய சூட்கேஸ் சரிவராது. பொலித்தீன் பைகளும் வேண்டாம், 2019 ஜூனிலிருந்து தன்சானியாவில் தடை.

இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடாகிவிட்டது, அங்கே இன்னும் இருக்கிறது. மலேரியாத் தடை இயக்கத்தில் மாத்திரையை இலவசமாக எடுத்து, புறப்பட முன்பே தொடங்குங்கள். கென்யாவில் கால் வைத்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி குறைந்தது 10 நாளுக்கு முன்னர் போட்டிருக்க வேண்டும், அந்த அட்டையைத் திரும்பி வரும்போது கட்டுநாயக்காவிலும் கேட்பார்கள். சன்சிபாருக்கு 2024 ஒக்டோபரிலிருந்து தனிக் காப்புறுதி, பெரியவருக்கு 44 டொலர், உங்களிடம் வேறு காப்புறுதி இருந்தாலும் செல்லாது.

முல்லைத்தீவுக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்குள்ள வற்றுப் பெருக்கு புதிது. கிழக்குக் கரையில் பாஜே பக்கம் வற்றினால் தண்ணீர் வெகுதூரம் போய்விடும், குளிக்க மணித்தியாலக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; நீந்தவே போகிறவர்கள் வடக்கே நுங்குவி அல்லது கெண்ட்வாவில் தங்குங்கள். சன்சிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனைக் கடைசி இரவுக்கு வையுங்கள், விமான நிலையம் கிட்ட. முஸ்லிம் மக்களின் நகரம், தோளும் முழங்காலும் மூடிய உடுப்போடு நடந்தால் நல்லது.