கடைகோலில் தீ எடுப்பவர்கள் காடியில் கோட்டைவிடுவது

சென்ற மாசியில், வேலூர்ப் பக்கம் வறண்டு கிடந்த பாலாற்று மணலில் நான்கு மாணவர்கள் தீ உண்டாக்க, பலகைக் குழியில் கடைகோலை நிறுத்திச் சுழற்றிப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கடைந்தும் புகைதான் மிச்சம். பலகையைப் பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. ஈர மரத்தில் தீ வராது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

சீமைக்கருவேலம்

பாலாற்றில் காலில் இடறுவதெல்லாம் அதுதான், அதனால் எடுக்கிறார்கள். அது கடின மரம். உங்கள் கைதான் தேயும். நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிற மரம் வேண்டும். பலகைக்குக் கல்யாண முருங்கை, கோலுக்குச் செடியிலேயே காய்ந்த எருக்கந்தண்டு. பச்சை எருக்கை ஒடிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

காடியைப் பெயருக்கு வெட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். கோல் சுழலும் குழியின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு வேண்டும். தச்சர்கள் பள்ளத்தைக் காடி என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அந்த மாணவர்களில் ஒருவர், “வெட்டியிருக்கிறோமே சார்” என்றார். இருந்தது ஒரு கீறல், அதுவும் குழியின் விளிம்போடு நின்றுவிட்டது.

தீ பிடிப்பது கோலிலும் அல்ல, பலகையிலும் அல்ல. இரண்டும் உரசித் தேய்ந்து, கருகி உதிர்கிற பொடியில்தான். அந்தப் பொடி ஒரே இடத்தில் குவிந்து, சூடு தங்கி, கொஞ்சம் காற்றும் பட்டால் கங்கு பிறக்கும். வழியில்லாவிட்டால் குழியைச் சுற்றிச் சிதறி ஆறிப்போகும். அப்புறம் எவ்வளவு கடைந்தாலும் வீண்.

ஜவ்வாது மலை அடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் நான் இரண்டு நாள் கடைந்தேன். மூன்று பலகைகள் ஓட்டை விழுந்து போயின. உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்து கோலெல்லாம் பிசுபிசுத்தது. தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர் குனிந்து பார்த்தார். “திருகையைச் சுற்றுகிறாய் தம்பி, சரி. மாவு எங்கே விழுகிறது?” என்றார். கத்தியை வாங்கி, குழியின் நடுப்புள்ளியை ஏறக்குறையத் தொடும்வரை ஒரு காடி வெட்டினார். அதன் அடியில் காய்ந்த பூவரச இலை ஒன்றைச் செருகிவிட்டு அவரே கடைந்தார். இலையில் விழுந்த கரும்பொடியிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது.

அளவு இதுதான்: வட்டக் குழியை ஒரு தோசையாக எண்ணி எட்டாக அறுங்கள், அதில் ஒரு துண்டு அகலம். முதலில் கோலைச் சுழற்றிக் குழியைக் கருக்கிக்கொண்டு, பிறகு வெட்டுங்கள். அடிப்பக்கம் சற்று அகன்றிருந்தால் கங்கு உடையாமல் இறங்கும். வெட்டிய சுவர்களில் சிலும்பு இருக்கக் கூடாது, பொடி அதில் தொற்றிக்கொள்ளும். பொடி வெளிர்பழுப்பாக உதிர்ந்தால் வேகமோ அழுத்தமோ போதவில்லை. காப்பிப்பொடியைவிடக் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்தால் கையை எடுக்காதீர்கள்.

புகை கண்டதும் நிறுத்துவது

கோலை எடுத்த பிறகும் பொடி தானாகப் புகைய வேண்டும். அதுவரை கடையுங்கள். புகைந்த பிறகு அரை நிமிடம் சும்மா இருங்கள், உடனே ஊதினால் பொடி பறந்துவிடும். கங்கு திரண்டதும் கசக்கிய தேங்காய் நாருக்குள் இலையோடு சாய்த்து, மெல்ல ஊதுங்கள்.

வில்லுக்கு நைலான் கயிறு

கோலைக் கையால் உருட்டாமல் வில்லின் கயிற்றில் சுற்றிச் சுழற்றுபவர்கள் செய்யும் தவறு இது. நைலான் உருகி அறும். பருத்திக் கயிறு கட்டுங்கள்.

கோலைத் தரையில் போடுவது

தரை ஈரம் ஏறிவிடும். கடைகோலை ஞெலிகோல் என்று அழைத்த சங்க காலத்திலேயே கூரை இறவானத்தில்தான் செருகி வைத்தார்கள்.

காப்புக்காட்டுக்குள்

ஒருபோதும் கூடாது. தமிழ்நாடு வனச் சட்டம், 1882 அதைக் குற்றம் என்கிறது. கோடையில் நம் மலைகளின் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். ஆற்று மணலில் பழகுங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.