ஓடை தண்ணியும் ஜீப்போட பி0302 கோடும்: என் அனுபவம்
போன மழைக்கு மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்து ரோட்டுல ஓடைய கடந்து மேட்டுல ஏறுனதும் ஜீப் குலுங்க ஆரம்பிச்சிருச்சு, என்ஜின் லைட்டு வேற விட்டு விட்டு எரியுது, ஹட்டன்ல இருந்து மெக்கானிக் பாஸ கூப்பிடலாம்னா போனுல டவரே இல்ல. நல்லவேளை பைக்குள்ள என்ஜின் கோளாற கோடா காட்டுற சின்ன ஓபிடி ஸ்கேனர் கெடந்துச்சு, ஸ்டியரிங்குக்கு கீழ குத்தி புளூடூத்துல போனோட சேர்த்தேன், இதுக்கு டவர் தேவையில்ல. பி0302னு கோடு காட்டுச்சு, அதாவது ரெண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்குது (சரியா எரியல). கொழுந்து லொறிக்கார அண்ணே "காயில கழட்டி பாருங்க தம்பி"ன்னாரு. காயில்னா சிலிண்டர் பிளக்குக்கு மின்பொறி குடுக்குறது, கழட்டினா அதோட ரப்பருக்குள்ள தண்ணி மினுமினுக்குது! நல்லா தொடச்சு காயவிட்டு, ஒரு சந்தேகத்துக்கு அந்த காயில மூணாவது சிலிண்டர்ல மாத்திப் போட்டு, கோட அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணேன், காயில் செத்திருந்தா இப்ப மூணாவது சிலிண்டருக்கான பி0303 வரணும், வரல, அப்ப கோளாறு தண்ணியாலதான். பத்தாம் நம்பர் ஸ்பேனர் மட்டும் அந்த அண்ணன்கிட்ட இரவல் (ஸ்கேனர் கொண்டு போனவனுக்கு ஸ்பேனர் மறந்துருச்சு).