இன்டர்கூலர் சில்லர் சோதனை: முதல் ஓட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

டெக்சாஸில் ஜூலை மாத மதியம். சில்லர் (எஞ்சினுக்குள் போகும் காற்றை ஏசியைக் கொண்டு குளிராக்க உதவும் கருவி) புதிதாகப் பூட்டிய ரேம் டிஆர்எக்ஸ் பிக்கப் ட்ரக் ஒன்று ஓடுபாதை ஓரமாக நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது, ஏசி முழு வேகத்தில் இருக்கிறது, பத்து நிமிடமாக உரிமையாளர் காத்திருக்கிறார். கூலன்ட் டேங்க்கின் வெளிப்புறம் ஐஸ் மோர் டம்ளர் மாதிரி வியர்த்துவிட்டது. இப்போது ஒரே ஒரு முறை ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்துகிறார். உள்ளே போகும் காற்றின் வெப்பம் வழக்கத்தைவிட இருபது, முப்பது டிகிரி குறைவாகக் காட்டுகிறது. உடனே ஸ்கிரீன்ஷாட், உடனே நண்பர்களுக்கு அனுப்பல்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சில்லரின் தரத்தைப் பற்றி அது சொல்வது மிகக் கொஞ்சம். பத்து நிமிடம் கொடுத்தால் எந்தச் சில்லரும் ஒரு ஓட்டத்துக்கு நல்ல எண்ணைக் காட்டிவிடும்.

ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2021–24 மாடல் டிஆர்எக்ஸில் இருப்பது 6.2 லிட்டர் எஞ்சின், 702 ஹெச்.பி. அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் 2.4 லிட்டர் சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும்; சைக்கிள் பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுவதும் இதனால்தான். வெயில் நாளில் சூப்பர்சார்ஜரை விட்டு வெளியே வரும் காற்று நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டை இன்டர்கூலருக்குள் ஓடும் கூலன்ட் வாங்கிக்கொண்டு, வண்டியின் முகப்பில் இருக்கும் சின்ன ரேடியேட்டரில் கொண்டுபோய் விடுகிறது. முகப்பு ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கூலன்ட் வெளிக்காற்றின் வெப்பத்துக்குக் கீழே இறங்காது. சில்லர் அந்த வரம்பைத்தான் உடைக்கிறது. ஏசியின் குளிர்வாயுவைக் கொண்டு கூலன்டை வெளிக்காற்றைவிடவும் குளிராக்குகிறது. 2018 டாட்ஜ் டீமனில் தொழிற்சாலையே இதைப் பொருத்தி விற்றது. வெளிக்கடைக் கிட்டுகள் செய்வதும் அதே வேலைதான்.

இனி கணக்கு. இந்த அளவு எஞ்சின் முழு ஆக்சிலரேட்டரில் நொடிக்கு அரை கிலோவுக்கு மேல் காற்றைக் குடிக்கும். அந்தக் காற்றை 70 டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 40 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். வண்டி ஏசியின் மொத்தத் திறனே 5 முதல் 7 கிலோவாட் வரைதான். வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி 5.3 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். 40 எங்கே, 6 எங்கே?

நம் ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அரை ஹெச்.பி. மோட்டார் மெதுவாக ஏற்றுகிறது; கீழே மூன்று இஞ்ச் குழாயைத் திறந்தால் தொட்டி கண்ணெதிரே காலியாகிறது. சில்லர் அந்த மோட்டார், கூலன்ட்தான் தொட்டி. பத்து லிட்டர் கூலன்ட் என்றால் முழு ஆக்சிலரேட்டரில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். பத்து நொடி ஓட்டத்தில் பத்து டிகிரி போய்விட்டது. அதே பத்து லிட்டரை 40 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க, 5 கிலோவாட் சில்லருக்கு நாலு நிமிடத்துக்கு மேல் வேண்டும். இது காகிதக் கணக்கு. சுற்றியிருக்கும் எஞ்சின் சூட்டையும் சேர்த்தால் இன்னும் நேரமாகும்.

ஆகவே முதல் தவறு, ஒரே ஓட்டத்தில் சோதனையை முடித்துக்கொள்வது. அதில் தெரிவது தொட்டி நிறைந்திருந்தது என்பது மட்டுமே. மோட்டாரின் திறன் தெரிய வேண்டுமானால் ஐந்து ஓட்டம் ஓட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் சரியாக இரண்டு நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் புறப்படும்போது கூலன்ட் எத்தனை டிகிரி, உச்சத்தில் எத்தனை, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நொடி என்று மூன்று எண்களைக் குறித்துவைத்தால் போதும். சில்லரோடு ஓடிய ஐந்தாவது ஓட்டத்தை, சில்லர் இல்லாத ஐந்தாவது ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். நான் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் கேட்கும் முதல் எண் இதுதான். பெரும்பாலும் பதில் வராது.

(பந்தயக்காரர்கள் கூலன்டைக் குளிராக்கப் போடும் ஐஸ் கட்டியோடு போட்டிபோடவும் வேண்டாம். பத்து கிலோ ஐஸ் உருகும்போது மட்டும் 3,340 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். 5 கிலோவாட் சில்லர் அதே வேலையைச் செய்யப் பதினோரு நிமிடம் ஓட வேண்டும். கால் மைல் பந்தயம் மட்டுமே நோக்கம் என்றால் ஐஸ் பெட்டி இன்னமும் மலிவான வழி. தினமும் ஓட்டும் வண்டிக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.)

நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவது

போன மாதம் 36 டிகிரி வெயிலில் ஓட்டியதை, இன்று காலை 24 டிகிரியில் சில்லரோடு ஓட்டியதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் சில்லர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பாதி வரவு வானிலையுடையது. ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே பெட்ரோலில் சில்லரை அணைத்து ஒன்று, போட்டு ஒன்று, மறுபடி அணைத்து ஒன்று, மறுபடி போட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அணைத்து ஓட்டிய இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றால் உங்கள் சோதனையே ஆடுகிறது. சில்லரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அணைத்த பிறகு கூலன்ட் சாதாரண வெப்பத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். மிச்சக் குளிரோடு ஓட்டினால் அது சில்லர் ஓட்டம்தான். எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் வெப்பமும் ஒரே அளவில் இருக்கட்டும்.

சில்லர் பூட்டிய அதே வாரத்தில் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் புல்லியையும் மாற்றி, எஞ்சின் கம்ப்யூட்டரில் புது ட்யூனையும் ஏற்றிவிடுபவர்களுக்குச் சொல்ல எதுவுமில்லை.

டைனோவில் (சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு சக்தியை அளக்கும் கருவி) சோதிப்பவர்கள் கவனிக்க இரண்டு விஷயம். டிஆர்எக்ஸ் எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, அதனால் நான்கு சக்கர டைனோ வேண்டும். இன்னொன்று, அச்சிட்ட தாளின் மூலையில் எஸ்ஏஇ என்று இருக்கிறதா, எஸ்டிடி என்று இருக்கிறதா பாருங்கள். அளந்த சக்தியை ஒரு பொது வானிலைக்கு மாற்றிச் சொல்லும் இரண்டு முறைகள் இவை. எஸ்ஏஇ திருத்தம் 25 டிகிரிக் காற்றை அடிப்படையாகக் கொண்டது, எஸ்டிடி ஏறத்தாழ 15.5 டிகிரியை. இரண்டுக்கும் நடுவே 4 சதவீத வித்தியாசம் உண்டு. 600 ஹெச்.பி. காட்டும் வண்டியில் அது 24 ஹெச்.பி. ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் தாளிலேயே கிடைத்துவிடும். பானெட்டைத் திறந்துவைத்து, முன்னால் ஒற்றை மின்விசிறி வைத்து ஓட்டும்போது முகப்பு ரேடியேட்டருக்கும், ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கும் சாலைக் காற்று கிடைப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த சென்சாரைப் படிக்கிறீர்கள்?

சூப்பர்சார்ஜர் வண்டிகள் பலவற்றில் காற்று வெப்பத்துக்கு இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று சூப்பர்சார்ஜருக்கு முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம். மற்றொன்று இன்டர்கூலருக்கு அப்பால். ஸ்கேனரில் ‘இன்டேக் ஏர்’ என்று முதலில் தென்படுவது முன்னால் இருப்பதாக இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு ‘சில்லர் வேலையே செய்யவில்லை’ என்று கிட்டைக் கழற்றியவர்கள் உண்டு. சில்லர் அங்கே எதையும் மாற்றாது, மாற்றவும் முடியாது.

சரியான சென்சாரையும் முழுசாக நம்பிவிடக் கூடாது. சூடான அலுமினியத்தில் திருகியிருக்கும் சென்சார், வண்டி சும்மா நிற்கும்போது காற்றைவிட உலோகத்தின் சூட்டைத்தான் படிக்கும். அதனால் காற்றை மட்டும் பார்க்காமல் கூலன்டிலும் வெப்பமானி வையுங்கள். சில்லருக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம், இன்டர்கூலருக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம் என நாலு புள்ளிகள். இந்த நாலு எண்களும் கிடைத்துவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை.

உதாரணமாக, முழு ஆக்சிலரேட்டரில் இன்டர்கூலருக்குள் 10 டிகிரியில் போன கூலன்ட் 42 டிகிரியில் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோவாட் சூட்டுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டர் கூலன்ட் ஓட்டம். பம்ப் 40 லிட்டர் தள்ளியிருந்தால் வித்தியாசம் 16 டிகிரிதான் இருக்கும். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்தால் குற்றம் சில்லர்மேல் இல்லை, பம்பிலோ குழாயில் சிக்கிய காற்றிலோ இருக்கிறது. காற்றடைப்பு இந்த வேலையில் அடிக்கடி வரும் சனியன். டேங்க்கைத் திறந்து பார்த்தால் கூலன்ட் நிறைந்துதான் இருக்கும். பம்ப் மட்டும் நுரையைக் கடைந்துகொண்டிருக்கும். வாக்யூம் வைத்து நிரப்பும் கருவி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பூஸ்ட் குறைந்ததும் பதறுவது

எனக்குப் பிடித்த தவறு இது, ஏனென்றால் நல்ல மெக்கானிக்கும் தடுமாறும் இடம். சில்லர் போட்டு ஓட்டியதும், எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் முன்பைவிட ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைவாகக் காட்டுகிறது. எங்கேயோ லீக் என்று கிளாம்புகளை எல்லாம் இறுக்கத் தொடங்குகிறார்கள்.

இந்த வகை சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு இவ்வளவு கன அளவு என்று காற்றை அள்ளித் தள்ளும். தள்ளிய பிறகுதான் இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று சுருங்கும், அழுத்தம் இறங்கும். காற்றின் எடை குறைந்துவிடவில்லை. எதிர்த்து நிற்கும் அழுத்தம் குறைவதால் சூப்பர்சார்ஜரின் சுமை இறங்கி, எடை கொஞ்சம் கூடவும் செய்யும். பூஸ்ட் லேசாக இறங்கி, காற்றின் வெப்பமும் இறங்கி, ஓட்ட நேரமும் குறைந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். கிளாம்பை விடுங்கள்.

இதனால் இன்னொன்றும் தெளிவாகிறது. கிடைக்கும் சக்தியின் பெரும்பகுதி ‘அடர்த்தியான காற்றால்’ வருவதில்லை, இக்னிஷன் டைமிங்கால் (ஸ்பார்க் பிளக் பொறியடிக்கும் நேரம்) வருகிறது. காற்று சூடானால் எஞ்சின் கம்ப்யூட்டர் நாக்கிங்குக்கு (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) பயந்து டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். சில்லர் அந்த இழுப்பைத் தடுக்கிறது. லாக்கில் (ஸ்கேனர் எழுதிவைக்கும் பதிவு) டைமிங்கைச் சேர்க்காத சோதனை, சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு என்று பார்க்காமல் சம்பளத்தைப் பேசுவது போல.

முகப்பு ரேடியேட்டரும் ஏசி கிளட்ச்சும்

கூலன்ட் 8 டிகிரி, வெளிக்காற்று 38 டிகிரி. இப்போது அந்தக் கூலன்டை முகப்பு ரேடியேட்டர் வழியாக அனுப்பினால் அது கூலன்டைச் சூடாக்கும். சில்லர் குளிர்விப்பதை வெயில் பிடுங்கிக்கொள்ளும். இதற்காகத்தான் பைபாஸ் வால்வு. குளிர்விக்கும்போது ரேடியேட்டரைச் சுற்றிப்போகவும், கூலன்ட் வெளிக்காற்றைவிடச் சூடானதும் ரேடியேட்டரைச் சேர்த்துக்கொள்ளவும் அது திரும்ப வேண்டும். சோதனைக்கு முன்னால் வால்வு நிஜமாகவே திரும்புகிறதா என்று குழாயைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

முழு ஆக்சிலரேட்டரில் ஏசி கிளட்ச்சை (ஏசி கம்ப்ரசரை எஞ்சினோடு இணைப்பது) துண்டிக்கும்படி பல வண்டிகளின் கம்ப்யூட்டரில் எழுதியிருக்கும். சில்லர் சும்மா நிற்கும் அந்த நொடிகளில் செலவாவது முழுக்கத் தொட்டித் தண்ணீர். கிளட்ச் நிலையையும் லாக்கில் சேர்க்காவிட்டால், ஏன் வெப்பம் திடீரென ஏறியது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கூலன்ட் டேங்க்கில் வெறும் தண்ணீர் ஊற்றுவது தனி ஆபத்து. தண்ணீர் வெப்பத்தை நன்றாக வாங்கும், உண்மைதான். ஆனால் சில்லர் தகட்டுக்குள் குளிர்வாயு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது தண்ணீர் உறைந்து தகட்டைப் பிளந்தால், கூலன்டும் குளிர்வாயுவும் ஒன்றாகிவிடும். உறையாமல் தடுக்கும் கிளைகாலை முப்பது சதவீதம் கலந்தால் மைனஸ் 15 டிகிரி வரை பயமில்லை. ஐம்பது ஊற்றினால் கூலன்ட் வாங்கும் வெப்பம் குறையும், குளிரில் கெட்டிப்பட்டுப் பம்பையும் இழுக்கும். குளிர்வாயுவை எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். புது வண்டிகளில் இருப்பது ஆர்-1234ஒய்எஃப், லேசாகத் தீப்பற்றக்கூடியது. அமெரிக்காவில் கூலிக்கு வண்டி ஏசியைத் தொட 609 சான்றிதழ் வேண்டும். அந்த வேலையைச் சான்றிதழ் உள்ளவர்களிடமே விடுங்கள்.

டிரெய்லர் இழுப்பவர்களுக்கு

அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்று ஒரு சாலை இருக்கிறது. இழுவைத் திறனுக்கான எஸ்ஏஇ ஜே2807 தரநிலை, ட்ரக்குகள் டிரெய்லரோடு அதில் ஏற வேண்டும் என்கிறது. வெயில் 38 டிகிரிக்குக் குறையக் கூடாது, ஏசியும் முழுதாக ஓட வேண்டும். அப்படிப்பட்ட நீண்ட ஏற்றத்தில் சேமித்த குளிர் முதல் நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு சில்லர் இழுக்கும் சூடு முழுவதும் கண்டென்சர் வழியாக வண்டியின் முகப்பிலேயே இறங்கி, பின்னால் இருக்கும் எஞ்சின் ரேடியேட்டரை நோக்கிப் போகிறது. காற்றின் வெப்பம் நாலு டிகிரி குறைந்து, எஞ்சின் கூலன்ட் எட்டு டிகிரி ஏறினால் அது லாபமா? இழுவைக்கு ட்ரக் வைத்திருப்பவர்கள் எஞ்சின் கூலன்ட், கியர்பாக்ஸ் ஆயில் இரண்டையும் அதே லாக்கில் பார்த்தாக வேண்டும். கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் வருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஹூஸ்டன் போன்ற புழுக்கமான ஊரில் சோதனை முடிந்து வண்டியை நிறுத்தினால் கீழே சொட்டுச் சொட்டாகத் தேங்கியிருக்கும். குழாய் வெடித்துவிட்டது என்று பதறி எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். ஒரு வெள்ளை டிஷ்யூவில் ஒற்றி எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். நிறமும் பிசுபிசுப்பும் இருந்தால் கூலன்ட். இல்லையென்றால் குளிர்ந்த குழாயின் மேல் வியர்த்த வெறும் தண்ணீர்தான்.