பழைய கிட்டார் பிக்அப்பில் ஏறிய துருவை அகற்றும் முறை

பினாங்கில் கடற்காற்றின் உப்பும் ஈரப்பதமும் ஆண்டு முழுதும் இருப்பதால், கல்யாண மேடைகளில் வாசித்துக் கைமாறி வரும் எலெக்ட்ரிக் கிட்டார்களில், தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்அப்புகளுள், உள்ளங்கை வியர்வை படும் பிரிட்ஜ் (தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பகுதி) பக்கத்துப் பிக்அப்பே பெரும்பாலும் முதலில் துருப்பிடிக்கிறது. இதை வெறும் அழகுக் குறையாக எண்ணிவிடக் கூடாது. ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய வகைப் பிக்அப்புகளில், ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்புக் கம்பி காந்தத் தண்டுகளின் மேலேயே ஆயிரக்கணக்கில் சுற்றப்பட்டிருப்பதால், தண்டில் தொடங்கும் துரு கீழே இறங்கினால் கம்பியை அரித்து அறுத்துவிடும். ஆகவே சுருளுக்குள் ஈரம் புகவிடாமல் வேலை செய்வதே முக்கியம்.

தொடங்குமுன் கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்துகொள்ளுங்கள். பேட்டரி இல்லாத சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்அப் பொதுவாக 5 முதல் 8 கிலோ ஓம் காட்டும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் சற்றுக் கூடுதலாகக் காட்டும். 250 அல்லது 500 கிலோ ஓம் அளவில் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது, மீட்டர் சொல்வது வால்யூம் குமிழின் மின்தடையை மட்டுமே என்று பொருள். அதற்கு மறுபடி கம்பி சுற்றத்தான் வேண்டும்.

தந்திகளைக் கழற்றிப் பிக்அப்பை வெளியே எடுத்தபின், மாஸ்கிங் டேப்பில் தண்டின் அளவுக்குத் துளையிட்டு, தண்டின் தலை மட்டும் தெரியுமாறு ஒட்டுங்கள். சத்தே இறைச்சி கோக்கும் குச்சியின் மழுங்கிய முனையில் 1000ஆம் எண் உப்புத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டி, தண்டின் மேல் நிறுத்தி மெதுவாகத் திருகினால், பழுப்புத் தூள் உதிர்ந்து சாம்பல் நிற உலோகம் தெரியும். தூளை ஊதாமல், புதிய டேப்பால் ஒற்றி எடுங்கள். இரும்புப் பஞ்சை அருகிலும் கொண்டுவரக் கூடாது. அதன் இழைகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், பிறகு அவற்றை முழுதாக எடுப்பது மிகக் கடினம். முடிவில் பஞ்சுக்குச்சியில் தையல் இயந்திர எண்ணெயைத் தொட்டு, பிழிந்துவிட்டு, தலையில் மட்டும் தடவினால் போதும்.

ஹம்பக்கரின் குரோம் மூடியை மெட்டல் பாலிஷ் தொட்ட துணியால் துடைக்கலாம், ஆனால் திருகுத் துளைகளை முன்பே டேப்பால் அடைத்துவிட வேண்டும். தங்க முலாம் மிக மெல்லியது என்பதால் அதற்கு உலர்ந்த மென்துணிதான். நிக்கல் மூடியின் மங்கலைத் தேய்க்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து; அந்த நிறத்தை விரும்பி வாங்குவோர் பலர். பிளாஸ்டிக் மூடியைத் தனியே கழற்றிச் சோப்புநீரில் கழுவி நன்றாக உலர்த்தலாம்.

மாட்டியபின் மீண்டும் அளந்து, முந்தைய எண்ணே வருகிறதா என்று பாருங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பையொன்று போட்டு, வாசித்து முடித்ததும் தந்திகளையும் பிக்அப்பையும் உலர்ந்த துணியால் துடைத்தபின்பே கிட்டாரை உள்ளே வையுங்கள்.